முகத்துக்குச் சும்மாடு

கழுத்திலிருந்து கால் வரை ஒரு மனுசனை மெத்தை மாதிரிக் கட்டிவிட்டு, முகத்தை மட்டும் வெறுமனே விட்டிருந்ததை முதன்முதல் கண்டபோது என் கையில் இருந்த ஊசி நழுவி விழுந்துவிட்டது. அதைத் தேடி எடுக்கக்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

காலுக்குத் தொடை வரை நீண்ட தோல் மெத்தைகள் இரண்டு. நெஞ்சுக்கு, கம்பளியை அமுக்கி அமுக்கிச் செய்த தடித்த துணியில் ஒரு கவசம். அந்தத் துணியை இங்கே ஃபில்ஸ் என்பார்கள். தோளுக்கு வேறு, முழங்கைக்கு வேறு. ஒரு கையில் தாச்சிச் சட்டி மாதிரிக் குழிந்த கையுறை, மற்றக் கையில் பலகை வைத்துத் தைத்த ஒன்று. இவ்வளவையும் ஆற அமரக் கட்டிக்கொண்ட அந்த மனுசன், தலைமயிரைக் கையால் கோதிவிட்டு ஐசுக்குப் போக எழும்பினார்.

நான் என் மனுசனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "இஞ்சாருங்கோ, முகத்துக்கு ஒண்டும் இல்லையோ?"

என் மனுசன் அதை டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், கேட்டார். அந்த ஆள் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். அது ஒரு பக்கம் போய், பிறகு மறுபக்கம் திரும்பியிருந்தது. கன்னத்திலும் நாடியிலும் தையல் போட்ட தழும்புகள். தையல்காரி நான், தழும்பைப் பார்த்தவுடன் யார் அவசரப்பட்டுத் தைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"முகம் பாக்கிறதுக்கு, அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா என்று கூப்பிட என் மனுசன்தான் பழக்கியிருந்தார். மற்றதெல்லாம் டொச். அவர்கள் டொச்சில் சொன்னதை நான் என் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன். அந்த நாளில் என் காதில் அப்படித்தான் விழுந்தது.

நான் எப்படி அந்த இடத்துக்கு வந்தேன் என்று சொல்லவேண்டும். என் மனுசன் ஊரில் மீனுக்கு ஐஸ் அடிக்கிற பக்டரியில் இயந்திரம் பார்த்தவர். அந்த இயந்திரத்தைப் பூட்ட வந்த ஜெர்மன்காரர் ஒருவர் இவருடைய கைவேலையைக் கண்டு, ஸ்டுட்கார்ட்டுக்குப் படிக்கக் கூப்பிட்டார். படிப்பு முடிய, தெற்கே மலையடியில் ஒரு சின்னப் பட்டினத்தில் வேலை கிடைத்தது. அறுபதுகள் முடிகிற நேரத்தில் நானும் வந்து சேர்ந்தேன். ஐஸ் பக்டரியில் வேலை என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார். நான் வந்த முதல் கிழமை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஒரு வயல் அளவுக்கு ஐஸ். நான் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மீன் எங்கே என்று கேட்டேன். காலில் கத்தியைக் கட்டிக்கொண்டு பெரிய மனுசர் ஒருவரை ஒருவர் இடித்து விழுத்திக்கொண்டிருந்ததை அவர் கை நீட்டிக் காட்டி, ஐஸ் ஹொக்கி என்றார். இதற்காகவா கடல் கடந்து வந்து ஐஸ் அடிக்கிறீர்கள் என்று நான் கேட்டதை அவர் சாகும் வரை எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார்.

ஐஸை உறைய வைக்கிற இயந்திர அறை மட்டும் நல்ல சூடு. குளிரை வெளியே அனுப்பிவிட்டுச் சூட்டைத் தான் வைத்துக்கொள்ளும். விளையாட்டுக்காரர் நனைந்த சாமான்களை அங்கேதான் காயப்போடுவார்கள். அந்த மணத்தைப் பற்றி எழுதினால் இதைப் படிக்கிறவர்களுக்குச் சோறு இறங்காது. குளிருக்கு நானும் அங்கே போய் உட்காருவேன். சும்மா உட்கார எனக்கு வராது. ஒருநாள் கோல்காரரின் கால்மெத்தை ஒன்று தையல் விட்டுக் கிடந்தது. வலைக்கு முன்னால் நின்று கோல் விழாமல் காக்கிற, முகத்தை வெறுமனே விட்டிருந்த அந்த ஆளைத்தான் கோல்காரர் என்கிறேன். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மேலே மான்மயிர். அதற்கு உள்ளே, என் விரலுக்கு உடனே தெரிந்தது, இலவம்பஞ்சு. நாங்கள் தலையணைக்கு அடைக்கிற அதே பஞ்சு. அதைக் காலில் கட்டிக்கொண்டு கல் மாதிரி வருகிற றப்பர் வட்டுக்கு முன்னால் போய் நிற்கிறார்களே என்று நான் திகைத்துப் போய் இருந்தேன். பிறகு தைத்தேன்.

தோலைத் தொடுவதா என்று ஒரு யோசனை இருந்தது. மிருதங்கமும் தோல்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

என் தையல் விட்டுப்போகாது. இது பெருமைக்குச் சொல்வதில்லை; பெருமை என்றாலும் இருந்துவிட்டுப் போகட்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்குப் பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது. அந்த மெத்தையைத் தைத்துக் கொடுத்ததிலிருந்து எல்லாச் சாமான்களும் என்னிடம் வரத் தொடங்கின. ஒருமுறை யாரோ ஒருவர் தகரக் கிண்ணம் ஒன்றைத் தந்து, அதன் பட்டி அறுந்துவிட்டது என்றார். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதை எங்கே போடுகிறது, முழங்காலுக்கா என்று கேட்டேன். என் மனுசன் காதுக்குள் சொன்னார். கிண்ணம் எங்கே போய் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் பட்டியைத் தைத்துத்தான் கொடுத்தேன், கண்ணை மறுபக்கம் திருப்பிக்கொண்டு.

கோல்காரரோடுதான் எனக்குக் கூடுதல் வேலை. மற்றவர்களுக்கு ஓடினால் போதும். இவர் நிற்கவேண்டும், திடீரென்று முழங்காலில் விழவேண்டும், விழுந்த அதே வேகத்தில் எழும்பவேண்டும். அணியைப் பழக்குகிற ட்ரெயினர் எல்லா வாரையும் இறுக்கிக் கட்டச் சொல்லுவார். அப்படிக் கட்டினால் முழங்காலில் விழும்போது மெத்தை காலோடு ஒட்டிக்கொண்டு நேரே நிற்கும், முழங்கால் வெறும் ஐசில் போய் அடிக்கும். எங்கே நோகிறது என்று கேட்டேன். அவர் காட்டினார். அந்த முழங்கால் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. இந்த முழங்காலோடு ஒரு மனுசன் எப்படி ஏணி வைத்துக் கூரைக்கு ஏறுவார்? கோடைக்கு அவர் வீடுகளுக்குக் கூரை போடுகிறவர். நாங்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு வாராக அவிழ்த்துக் கட்டிப் பார்த்தோம். அவர் விழுவார், நான் பார்ப்பேன். கடைசியில் கணுக்காலில் இறுக்கமாகவும் தொடைப் பக்கம் நன்றாகத் தளர்த்தியும் விட்டபோது, அவர் விழ விழ மெத்தை தானாகச் சுழன்று முழங்காலுக்குக் கீழே வந்தது. ட்ரெயினர் அதைப் பார்த்து, பாவாடை மாதிரி ஆடுது என்றார். ஆடட்டும் என்று விட்டுவிட்டோம்.

முகத்தைப் பற்றி நான் ட்ரெயினரிடமே ஒருநாள் கேட்டேன். அவருக்கு முன்பல் ஒன்றும் இல்லை. அவரும் ஒரு காலத்தில் கோலில் நின்றவர். மற்ற ஊர்களில் முகமூடி போடத் தொடங்கிவிட்டார்களாம் என்று என் மனுசனும் சொல்லிப் பார்த்தார்.

"முகத்தை மூடினவன் பயந்தவன்" என்றார் ட்ரெயினர். "பயந்தவன் என்ரை கோலிலை நிக்கேலாது."

பல் இல்லாத வாயால் அதைச் சொன்னார்.

பிறகு அந்த நாள் வந்தது. எழுபதுகள் தொடங்கிய ஒரு மாரிகாலம், பனி கொட்டுகிற நேரம். சத்தம்தான் முதலில் வந்தது. தேங்காயைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம். நான் நிமிர்ந்து பார்க்கும்போது கோல்காரர் முகம் குப்புறக் கிடந்தார். வலது கன்னத்து எலும்பில், கண்ணுக்குக் கீழே, வட்டு அடித்திருந்தது. தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்றும் என்னால் நம்ப முடியாதது. ஒருவர் ஐஸ் அள்ளுகிற சவலோடு வந்தார். இரத்தம் சிந்திய ஐஸைச் சுரண்டி வாளிக்குள் போட்டார். சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்தார். அது உறைந்தது. விசில் ஊதியது. விளையாடத் தொடங்கிவிட்டார்கள். அவரிடம் இருந்து கழற்றிய மெத்தைகளை, இரத்தம் காய முன்னமே, வேறொருவருக்குக் கட்டினார்கள். அந்த ஆளுக்கு அது அளவில்லை. தவறணையில் கள்ளுக் குடித்துவிட்டு வந்தவர் மாதிரித் தடுமாறித் தடுமாறி, வந்த கோலையெல்லாம் விட்டார். சனம் சிரித்தது. நான் என் மனுசனைப் பார்த்தேன். அவர் இயந்திர அறைக்குள் போய்விட்டார்.

கோல்காரரின் மனைவி பேக்கரிக்காரரின் மகள். தகப்பனின் பேக்கரியில் மாப் பிசைகிறவள். கை என் தொடை அளவு இருக்கும். அப்போது தலைப்பிள்ளை வயிற்றில். அவள்தான் ஒருநாள் பாண் கொண்டுவந்து தந்துவிட்டு டொக்டர் சொன்னதைச் சொன்னாள். எலும்பு பொருந்தும், ஆனால் அதே இடத்தில் இன்னொருமுறை அடிபட்டால் கண் போய்விடும். ஒரு கண்ணோடு கூரையில் ஏற எந்த முதலாளியும் விடமாட்டான். விட்டாலும் அவள் விடமாட்டாள். முகத்துக்கு ஏதாவது போடாமல் அந்த ஐசில் கால் வைத்தால் தான் தகப்பன் வீட்டோடு நின்றுவிடுவதாகப் புருசனிடம் சொல்லியிருந்தாள். சத்தம் போடாமல், பாணை வெட்டுகிற மாதிரி நிதானமாகச் சொன்னாளாம்.

விட்டுவிடலாமே என்று நான் அவரிடம் கேட்டேன். முகத்தில் பாதி வீங்கி, கண் ஒரு கீற்றாக இருந்தது.

"கூரையிலை நிண்டாலும் தலைக்குள்ளை ஆயிரம் யோசனை, அக்கா. வீட்டிலையும் அப்பிடித்தான். கோலிலை நிக்கேக்கை மட்டும்தான் ஒண்டும் இல்லை. வட்டு மட்டும்தான்."

நான் பாதியில் விட்ட நெஞ்சுக் கவசத்தைத் திரும்பக் கையில் எடுத்தேன்.

முகமூடி செய்ய ஒரு ஆள் அகப்பட்டார். ஏரிக்கரையில் வள்ளம் திருத்துகிறவர். வள்ளத்துக்குப் பூசுகிற கண்ணாடிநாரையும் பசையையும் முகத்தின் அச்சில் பூசி எடுத்தால் இரும்பு மாதிரி இருக்கும் என்றாராம். அதற்கு முதலில் முகத்தில் பிளாஸ்ரர் பூசி அச்சு எடுக்கவேண்டும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு மாதிரி நடந்திருக்கும். அதனால் அன்று நடந்ததை என் பிழை என்று நான் ஒருபோதும் ஒத்துக்கொண்டதில்லை.

காலையில், தைத்து முடித்த நெஞ்சுக் கவசத்தைக் கொடுக்க உடுப்பு மாற்றுகிற அறைக் கதவைத் திறந்தேன். நடுவில் ஒரு நீட்டு மேசை. மேசையில் அவர் மல்லாந்து கிடக்கிறார். முகம் முழுக்க வெள்ளை. கண் இல்லை, வாய் இல்லை. இரண்டு மூக்குத் துவாரத்திலும் ஏதோ செருகியிருக்கிறது. கை இரண்டும் வயிற்றின் மேல் கோத்திருக்கிறது. சுற்றிவர ட்ரெயினர், என் மனுசன், முன்பின் தெரியாத ஒரு ஆள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் நிற்கிறார்கள்.

மூக்கில் எதற்கு அடைப்பார்கள் என்று எங்கள் ஆட்களைக் கேட்டால் தெரியும். வேறு எதற்கும் அடைப்பதில்லை.

கவசம் கையிலிருந்து விழுந்தது. செருப்பைக் கழற்றிவிட்டேன். கொண்டையை அவிழ்த்தேன். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு மேசையடியில் போய் விழுந்தேன்.

"என்ரை ராசா, பிள்ளையின்ரை முகம் பாக்காமல் போட்டியே. கூரைக்கு ஏறினவனை மேசையிலை கிடத்திட்டாங்களே. வெள்ளை பூசி விட்டாங்களே என்ரை ராசா."

வள்ளக்காரர் பயந்து சுவரோடு ஒட்டிவிட்டார். ட்ரெயினர் என்னை உற்றுப் பார்த்தபடி நின்றார். என் மனுசன் ஓடிவந்து தோளைப் பிடித்தார்.

"இஞ்சாரும், உமக்கென்ன விசரே? அவன் சாகேல்லையப்பா. அச்சு எடுக்கிறம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். பிணத்தின் வயிறு குலுங்கியது. கோத்திருந்த கை இரண்டும் மேலும் கீழும் போய் வந்தன. மூக்கில் இருந்த குழாய்களால் புஸ் புஸ் என்று காற்று வந்தது. அவருக்குத் தமிழ் விளங்காது. ஆனால் ஒப்பாரி விளங்க மொழி தேவையில்லைப் போலும். சிரிக்கக்கூடாது என்று அடக்க அடக்கக் கூடுதலாகக் குலுங்கினார். வெள்ளைப் பிளாஸ்ரரில், வலது கன்னத்துக்கு நேரே, ஒரு வெடிப்புக் கோடு ஓடியது.

ஒரு உயிரோடு இருக்கிற மனுசனுக்கு நான் செத்தவீடு கொண்டாடியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அவர் பெயரில் விளக்கும் ஏற்றினேன்.

வள்ளக்காரர் அந்தக் கோட்டைப் பூசி மறைத்துக்கொண்டு போனார். முகமூடி வந்தது. வெள்ளையாக, வழுவழுப்பாக, கண்ணுக்கு இரண்டு ஓட்டையும் மூச்சுக்குச் சில ஓட்டைகளுமாக. அன்றைய மேசையில் கிடந்த அதே முகம். கோல்காரர் போட்டுக்கொண்டு மனைவிக்குக் காட்டினார். சட்டை மாதிரிப் பொருந்துகிறது என்றார். அவளும் நம்பிக்கொண்டு போனாள். ட்ரெயினர் மட்டும், தயிர்ச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு வந்திருக்கிறான் என்றார்.

தலைக்குப் பின்னால் போகிற பட்டியை அளவெடுத்துத் தைக்க, கோல்காரர் முகமூடியை முகத்தில் பிடித்தபடி என்னிடம் வந்தார். கழற்றச் சொன்னேன். அவர் தயங்கினார். கழற்றியபோது வலது கன்னத்தில், எலும்பு முறிந்த அதே இடத்தில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிவந்த கோடு பள்ளமாகப் பதிந்திருந்தது. அச்சு வெடித்து நகர்ந்த இடம். மற்றப் பக்கமெல்லாம் முகமூடி முகத்தோடு கிடக்க, அந்த ஒரு இடத்தில் மட்டும் உள்ளே புடைத்துக்கொண்டு எலும்பை முட்டிக்கொண்டிருந்தது. வட்டு எங்கே அடித்தாலும் அந்த அடி எல்லாம் அந்த ஒரு எலும்பில்தான் போய் இறங்கும். கல்லை முகத்தில் வைத்துக் கட்டிக்கொண்டு போய், வா வந்து அடி என்று நிற்கிற மாதிரி.

"அவவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியாது. சொல்லாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு."

வள்ளக்காரரிடம் கேட்டுப் பார்த்தார்கள். மாரிகாலத்தில்தான் அவருக்கு வள்ளம் எல்லாம் கரைக்கு வரும். அடுத்த டெர்மின், நாள் குறித்துத் தருவதை இங்கே அப்படிச் சொல்வார்கள், ஏரியில் ஐஸ் கரைந்த பிறகுதான் என்றுவிட்டார். உள்ளே அராவினால் மெலிந்து உடையும் என்று என் மனுசன் சொன்னார். ட்ரெயினர், அப்படியென்றால் பழையபடி வெறும் முகத்தோடு நிற்கட்டும் என்றார்.

"ஏலாது" என்றேன். அதைத் தமிழிலேயே சொன்னேன். முகமூடியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதை மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் ஐஸ் பக்டரியடியில் மீன் வாங்க வருகிற பெண்கள் தலையில் பனையோலைக் கடகம் வைத்துக்கொண்டு போவார்கள். கடகம் நேரே உச்சியில் இருப்பதில்லை. துணியைச் சுருட்டி வளையமாக்கிச் சும்மாடு வைத்து, அதன் மேல்தான் கடகம். பாரம் வளையத்தில் இறங்கும், உச்சி சும்மா இருக்கும். முகத்துக்கும் அப்படி ஒன்று வைத்தால் என்ன என்று பட்டது. முகமூடி முகத்தில் படவே கூடாது. நெற்றியிலும் நாடியிலும் இடது பக்கத்திலும் ஏந்தி நிற்கவேண்டும். வலது கன்னம் வெறும் காற்றில் இருக்கவேண்டும்.

முதலில் பஞ்சு வைத்துத் தைத்தேன். விரலால் அமுக்கினால் அப்படியே படுத்துவிட்டது. வியர்வை பட்டால் இன்னும் மோசம். பழைய நெஞ்சுக் கவசத்தின் ஃபில்ஸை வெட்டி, சுருட்டி, மெல்லிய தோலால் மூடித் தைத்தேன். ஊசி ஏறாமல் செருப்புத் தைக்கிற ஊசி வாங்கிவரச் சொன்னேன். தடித்த வளையமாக, வடிவாக வந்தது. எனக்கு நல்ல திருப்தி.

அவர் போட்டார். கன்னம் தப்பியது, கைவிரலை உள்ளே விட்டுப் பார்த்தேன், இடைவெளி இருந்தது. என் மனுசன் இயந்திர அறைக்குப் பக்கத்து ஒடுங்கிய நடைபாதையில் நின்று டெனிஸ் பந்துகளை உருட்டினார். கோல்காரர் ஒன்றையும் பிடிக்கவில்லை. காலுக்குள்ளால் போனது, பக்கத்தால் போனது. முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

"கண்ணுக்குக் கன தூரத்திலை நிக்குது, அக்கா. வட்டு என்ரை காலடிக்கு வந்தா எனக்குத் தெரியேல்லை. கிணத்துக்குள்ளை இருந்து பாக்கிற மாதிரிக் கிடக்கு."

முகத்தைக் காப்பாற்றினால் கோல் போகிறது. கோலைக் காப்பாற்றினால் கண் போகிறது. வெட்டினேன், தைத்தேன், திரும்ப வெட்டினேன். கீழே பார்க்க முகத்தைக் குனி என்று நான் சொல்ல, குனிந்தால் நடுவில் நிற்பவன் தெரியவில்லை என்று அவர் சொல்ல, இரண்டு பேருக்கும் கோபம் வந்துவிட்டது. பிறகு அவர்தான் முகமூடியைக் கையால் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் சரித்துப் பார்த்து, "இப்பிடி" என்றார். நெற்றியில் தள்ளி நின்று, நாடியில் நெருங்கியிருந்தது. கண் ஓட்டை கீழே சரிந்து, காலடி தெரிந்தது. அப்படியே பிடிக்கச் சொல்லி, நெற்றிக்கு எவ்வளவு, நாடிக்கு எவ்வளவு என்று என் விரலால் அளந்துகொண்டேன். நெற்றிக்குத் தடித்தது, நாடிக்கு மெல்லியது, இடது கன்னத்துக்கு ஒரு சின்னத் திண்டு. பின்னால் ஒரு பட்டி போதாமல், உச்சியால் ஒன்று, பிடரியால் ஒன்று வைத்து, சேருகிற இடத்தில் அகலமாக ஒரு துண்டு தைத்தேன். டெனிஸ் பந்து வந்தது. பிடித்தார். வேகமாக வந்தது. அதையும் பிடித்தார். என் மனுசனுக்கு மூச்சு வாங்கியது.

இதெல்லாம் நடக்கும்போதுதான் வாசலில் கோல்காரரின் மனைவி நின்றிருக்கிறாள். பாண் கூடை கையில். எப்போது வந்தாள் என்று ஒருவரும் கவனிக்கவில்லை. ஆனால் சட்டை மாதிரிப் பொருந்துகிறது என்று சொன்ன முகமூடிக்கு ஏன் இவ்வளவு வெட்டும் தையலும் என்று அவளுக்கு விளங்கியிருந்தது. புருசனிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் வந்தாள்.

"இப்ப கன்னத்திலை படுதோ?"

"இல்லை" என்றேன்.

"அடி விழுந்தா?"

அதற்கு நான் என்ன சொல்வது. தையலுக்கு நான் பொறுப்பு. அடிக்கு யார் பொறுப்பு. தெரியாது என்றேன்.

அவள் ட்ரெயினரைக் கூப்பிட்டு, இவருடைய முகத்தில் ஒரு வட்டு அடித்துக் காட்டு என்றாள். ஞாயிற்றுக்கிழமை யாரோ தெரியாதவன் அடித்துத்தான் பார்க்கப்போகிறான், இப்போது தன் கண் முன்னால் அடிக்கட்டும் என்றாள். வெறும் முகத்தோடு நிற்கட்டும் என்று சொன்ன அதே ட்ரெயினர் பின்வாங்கினார். தனக்குக் கை சரியில்லை என்றார். என் மனுசனைப் பார்த்தாள். அவர் டெனிஸ் பந்தைக் கீழே வைத்துவிட்டார். கோல்காரர் முகமூடியோடு கதிரையில் இருந்தபடி, சிரிக்கிறாரா பயப்படுகிறாரா என்று தெரியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காயப்போட்டிருந்த நீண்ட விளையாட்டுக் காலுறை ஒன்றைக் கயிற்றில் இருந்து இழுத்தாள். வாளியில் ஐசோடு குளிர்ந்து கிடந்த வட்டு ஒன்றை எடுத்து அதற்குள் போட்டு, முடிச்சுப் போட்டாள். எனக்கு இன்னும் விளங்கவில்லை. பாண் கட்டுகிறாளோ என்றுகூட நினைத்தேன். ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள். மற்றக் கையால் காலுறையைச் சுழற்றினாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, பிறகு மாப் பிசைகிற அந்தக் கையின் முழுப் பலத்தோடும் புருசனின் முகத்தில் அடித்தாள்.

தேங்காய் உடைகிற அதே சத்தம்.

நான் கண்ணை மூடவில்லை. மூட நேரம் இருக்கவில்லை. புருசனின் முகத்தில் பெண் கையை ஓங்குவதை நான் என் பிறப்பில் கண்டதில்லை. அதுவும் வயிற்றுப் பிள்ளைக்காரி. அதுவும் அவனைக் காப்பாற்ற. தலை பின்னால் போய் வந்தது. கதிரை ஒரு கால் தூக்கிப் பழையபடி நின்றது. அவர் விழவில்லை. முகமூடியில் வலது கன்னத்தில் ஒரு கறுப்பு அடையாளம்.

"கழட்டு" என்றாள்.

கழற்றினார். நெற்றியில் என் வளையம் சிவப்பாகப் பதிந்திருந்தது. நாடியிலும். இடது கன்னத்திலும். வலது கன்னம் வெள்ளையாக இருந்தது. அவள் கிட்டப் போய், பெருவிரலை அந்த எலும்பில் வைத்து அழுத்தினாள். அவர் கண்ணைச் சிமிட்டாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாணில் பதம் பார்க்கிற மாதிரி அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பிறகு விரலை எடுத்தாள்.

"உன்ரை கை பொல்லாத கை" என்றார் அவர்.

"போ. போய் நில்லு" என்றாள். காலுறையை என் மடியில் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அவளால் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் பருக்கினேன்.

ட்ரெயினர் அதற்குப் பிறகு தயிர்ச் சட்டி என்று சொன்னதை நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு கம்பளி. அவள் ஐஸைப் பார்க்கவே இல்லை. சனத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மடியைப் பார்த்தபடி இருந்தாள். நான் பார்த்தேன். அவர் விழுந்தார், எழும்பினார். மெத்தை பாவாடை மாதிரிச் சுழன்றது. முகம் குனியாமல் காலடியைப் பார்த்தார். ஒன்றை விட்டார். அதற்கு நான் பொறுப்பில்லை. அது தோளுக்கு மேலால் போனது.

விளையாட்டு முடிகிற நேரம் எதிர்ப்பக்கத்தில் ஒரு நெடுவல் ஆள் கிட்ட வந்து தடியை ஓங்கினான். வட்டைக் காணவில்லை. சத்தம் மட்டும் வந்தது. எனக்கு அந்தச் சத்தம் இப்போது நன்றாகத் தெரியும். சனம் எல்லாம் ஒரே மூச்சாக எழும்பிவிட்டது. எனக்கு முன்னால் முதுகுகள்தான். நான் குள்ளம், இருந்த வாங்குப் பலகையில் ஏறினேன்.

கம்பளிக்குள்ளால் அவளுடைய கை வந்து என் கணுக்காலைப் பிடித்தது. கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"நிக்கிறாரோ?" என்று கேட்டாள்.

முதுகுகள் விலகின. கோலுக்கு முன்னால் அவர் முழங்காலில் இருந்தார். சவலோடு ஒருவரும் வரவில்லை. கையுறையால் முகமூடியைத் தட்டிப் பார்த்தார், ஒரு கதவைத் தட்டுகிற மாதிரி. பிறகு ஒரு காலை ஊன்றி எழும்பினார்.

"ஓம், நிக்கிறார்" என்றேன். தமிழிலேதான் சொன்னேன். அவள் பிடியை விட்டாள்.